கம்யூனிசம் நடைமுறையில் சாத்தியமா? ஆலையில் திட்டம் போட்ட ஒருவரின் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பெல்லந்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வந்தாலே, "கம்யூனிசம் ஏட்டுச் சுரைக்காய், மனுஷ சுபாவத்துக்கு ஒத்துவராது" என்று நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா திருவாரூர் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வாழ்நாள் முழுக்க இருந்தவர். உலகத்தில் எங்காவது அது நடந்து காட்டியிருக்கிறதா, இப்போது இவ்வளவு கம்ப்யூட்டர்கள் இருக்கும்போதாவது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் அப்பா நம்பியது வீணா என்ற கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றாக இராது.

நான் பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஷாப்புக்கு, அதாவது ஆலைக்குள் இருக்கும் எந்தப் பட்டறைப் பிரிவுக்கு, இந்த மாதம் எத்தனை உருப்படி, அதற்கு எவ்வளவு எஃகு, எத்தனை பியரிங், எந்த மெஷினில் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அந்த வேலையால்தான் சோவியத் திட்டமிடல் மீது ஆர்வம் வந்தது. மாலைக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். அதன் பிறகும் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே வந்திருக்கிறேன். ரஷ்ய மொழியோ சீன மொழியோ எனக்குத் தெரியாது, மூல ஆவணங்களைப் பார்த்தவர்களின் ஆய்வுகளை வைத்துத்தான் பேசுகிறேன். கட்சியில் ஒருபோதும் இருந்ததில்லை, தொழிற்சங்கத்தில் இருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் பேசும்போது மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது, மார்க்ஸ் 1875-ல் எழுதிய தொலைதூர இலக்கு: ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் செய்வார்கள், தமக்கு வேண்டியதைப் பெறுவார்கள், ஒரு வர்க்கம் இன்னொன்றை அடக்கிவைப்பதற்கான அரசு தேவைப்படாமல் போகும். அந்த நிலைக்கு வந்துவிட்டதாகச் சோவியத் ஒன்றியமோ சீனாவோ சொல்லிக்கொண்டதே இல்லை. 1961-ல் நடந்த 22-ஆவது கட்சி மாநாட்டில், இன்னும் இருபது ஆண்டுகளில் கம்யூனிச சமுதாயம் பெருமளவு கட்டி முடிக்கப்படும் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவித்தார். 1980 வந்தது, போனது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பணத்தையும் நகரங்களையும் ஒழித்து ஒரே தாவலில் அங்கே போய்விடப் பார்த்தது கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சி. அந்த நான்கு ஆண்டுகளில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். ஆக, முதல் சங்கதியை எந்த நாடும் செய்து காட்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவது, ஒரே கட்சி ஆட்சி, எல்லாத் தொழிலும் அரசின் கையில், விலைக்குப் பதிலாகத் திட்டம் என்ற ஏற்பாடு. மூன்றாவது, ஒரு கூட்டம் மனிதர்கள் ஒரு சொத்தைப் பொதுவில் வைத்துத் தாங்களே நடத்துவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றி நமக்கு ஏராளமான அனுபவம் இருக்கிறது. அவை இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றல்ல.

மனுஷ சுபாவம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். மனிதன் சுயநலக்காரன், எல்லோருக்கும் சமச் சம்பளம் என்றால் எவனும் உழைக்க மாட்டான் என்பது அது. சோவியத் ஆலைகளில் சமச் சம்பளம் இருந்ததே இல்லை. ஸ்டாலின் 1931-லேயே சம்பளச் சமத்துவத்தைக் கண்டித்துப் பேசினார். உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, திட்டத்தை எட்டினால் போனஸ், அதிகம் உற்பத்தி செய்தவருக்கு வீடும் பதக்கமும் எல்லாம் இருந்தன. 1935-ல் ஸ்தகானவ் என்ற சுரங்கத் தொழிலாளியை நாட்டுக்கே முன்மாதிரியாக நிறுத்தினார்கள். ஊக்கம் கொடுக்க மறந்துபோன அமைப்பு அல்ல அது. கொடுத்த ஊக்கத்துக்கு மக்கள் மிகச் சரியாக எதிர்வினை செய்தார்கள், சிக்கலே அங்கேதான் முளைத்தது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் அடுத்த ஆண்டுக்கான திட்ட வேலை மழைக்காலம் முடியும்போதே ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு ஷாப்பும் தன்னால் எவ்வளவு முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு லேத்தில் ஷிஃப்டுக்கு நாற்பது உருப்படி எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபோர்மேன் முப்பது என்று எழுதுவார். அவர் சோம்பேறி இல்லை. நாற்பது என்று எழுதினால் திட்டத்தில் நாற்பது ஏறிவிடும். மெஷின் படுத்துக்கொண்டாலும், ஃபவுண்டரியிலிருந்து காஸ்டிங் வராவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தப்பித்தவறி நாற்பதை எட்டிவிட்டால் அடுத்த ஆண்டு நாற்பத்தைந்து கேட்பார்கள். அவர் குறைத்துத்தான் எழுதுவார் என்று திட்டப் பிரிவில் இருந்த எங்களுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் ஏற்றிப் போடுவோம். நாங்கள் ஏற்றுவோம் என்று அவருக்கும் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் குறைப்பார். கடைசியில் காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கும் அந்த லேத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த எண்ணை வைத்துத்தான் எஃகுக்கு ஆர்டர் போடுவோம்.

அதோடு நிற்கவில்லை. வேண்டிய நேரத்தில் ஸ்டோர்ஸில் பொருள் கிடைக்காது என்பதால் ஒவ்வொரு ஷாப்பும் பியரிங், டூல் பிட், பித்தளைத் தண்டு என்று கிடைக்கும்போதே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும். எல்லோரும் பூட்டி வைப்பதால் ஸ்டோர்ஸில் மேலும் தட்டுப்பாடு. ஆண்டு முழுக்க நிதானமாகப் போகும் வேலை மார்ச் மாதம் வந்தால் வெறி பிடித்தது போல ஓடும், இரவெல்லாம் ஓவர்டைம் நடக்கும், பரிசோதனைப் பிரிவு அரைக் கண்ணை மூடிக்கொள்ளும். ஏப்ரல் முதல் வாரம் ஷாப் வெறிச்சோடிக் கிடக்கும். திரும்பி வந்த உருப்படிகளைச் சரிசெய்வதில் மே மாதம் போகும். இந்த மனிதர்கள் நல்லவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் வீட்டில் சாவு என்றால் தமிழன், கன்னடிகன், மலையாளி என்று பார்க்காமல் ஷாப்பே போய் நிற்கும். கிரெடிட் சொசைட்டியில் ஒருவருக்கு இன்னொருவர் யோசிக்காமல் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். பகிர்ந்து வாழத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். மேலே உண்மையைச் சொன்னால் தண்டனை, பொய் சொன்னால் பாதுகாப்பு என்று ஏற்பாடு இருந்தால், நல்லவரும் பொய்தான் சொல்வார்.

எங்கள் ஆலை இந்தியாவின் கலப்புப் பொருளாதாரத்துக்குள் இருந்தது. அதனால் சோவியத் ஆலையோடு அதை அளவுக்கு மீறி ஒப்பிடக் கூடாது. வெளியே ஒரு சந்தை இருந்தது, அங்கே ஒரு பியரிங் என்ன விலை என்று பார்க்க முடிந்தது. யூனியன் கேட் மீட்டிங் போட்டுக் கத்த முடிந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். இத்தனை இருந்துமே இந்தக் கதி. இவை ஒன்றுமே இல்லாமல் ஒரு முழு நாட்டையும் இதே முறையில் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சோவியத் வரலாறு பதில் சொல்கிறது. அடைந்ததற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவது அங்கே எழுதாத சட்டம். மாதக் கடைசியில் வெறியாக வேலை பார்ப்பதற்கு அங்கே தனிப் பெயரே உண்டு. பொருள் கிடைக்காத ஆலைகளுக்காக ஊர் ஊராக அலைந்து பேசி வாங்கி வரும் ஆட்களும் இருந்தார்கள், அவர்கள் இல்லாமல் திட்டம் ஓடாது என்று மேலிருந்தவர்களுக்கும் தெரியும். சரவிளக்குத் திட்டத்தை டன் கணக்கில் போட்டதால் ஆலைகள் முடிந்தவரை கனமான விளக்காகவே செய்தன என்று குருஷ்சேவே மேடையில் குறைபட்டுக்கொண்டார்.

இதைக் கோட்பாடாகச் சொன்ன பொருளாதார அறிஞர்கள் உண்டு. விலை இல்லாவிட்டால் எது எங்கே எவ்வளவு தேவை என்று கணக்கிடவே முடியாது என்று லுட்விக் வான் மீசஸ் 1920-ல் எழுதினார். அரசுத் திட்டக்குழுவே விலைகளை வைத்து, தட்டுப்பாட்டையும் தேக்கத்தையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று 1930-களில் ஆஸ்கர் லாங்கே பதில் சொன்னார். தேவையான அறிவு ஓரிடத்தில் இருப்பதில்லை, கோடிக்கணக்கான ஆட்களிடம் சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று 1945-ல் ஹயெக் எழுதினார். நான் ஹயெக்கின் அரசியலை ஏற்பவன் அல்ல. ஆனாலும் திட்டப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இந்த ஓர் இடத்தில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். சோசலிச ஹங்கேரிக்குள்ளேயே இருந்து எழுதிய கோர்னை இன்னொன்றைச் சேர்த்தார்: நட்டத்தில் போகும் ஆலையை அரசு கடைசியில் காப்பாற்றியே தீரும் என்று தெரிந்தால் எந்த ஆலையும் செலவைப் பற்றிக் கவலைப்படாது, அதனால் தட்டுப்பாடு தீரவே தீராது. இது நம் ஊரிலும் பார்த்ததுதான்.

ஆலையில் பொய்க் கணக்கு வந்தால் உருப்படி திரும்பி வரும், அவ்வளவுதான். உணவில் பொய்க் கணக்கு வந்தால் ஆள் சாவார்கள். சீனாவில் 1958-ல் பல கிராமங்களின் நிலத்தையும் உழைப்பையும் ஒன்றாக்கி மக்கள் கம்யூன்கள் அமைக்கப்பட்டபோது ஒவ்வொரு மாவட்டமும் போட்டி போட்டுக்கொண்டு விளைச்சலை ஊதி எழுதியது. அந்த ஆண்டின் தானிய உற்பத்தி 37.5 கோடி டன் என்று முதலில் அறிவித்தார்கள், உண்மையில் விளைந்தது ஏறக்குறைய 20 கோடி டன். ஊதிய கணக்கை வைத்து அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டு போனது, கிராமத்தில் மிஞ்சவில்லை. 1959-ல் லூஷான் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதைப் பற்றி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிக்கப்பட்டது, அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை, பஞ்சம் மேலும் இரண்டு ஆண்டு நீடித்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு, ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்தாலும் அது வரலாற்றின் மிகப் பெரிய பஞ்சங்களில் ஒன்று. சோவியத்தில் 1932–33 பஞ்சத்துக்குப் பிறகு, 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிட எண்ணிக்கை குறைவாக வந்தது. அந்தக் கணக்கையே மறைத்துவிட்டு, எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள், சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். தலையை எண்ணிச் சொன்னதற்கே இந்தத் தண்டனை என்றால், அந்த நாட்டில் எந்தத் திட்ட அதிகாரி உண்மையான எண்ணை எழுதுவார்?

ஆகவே இரண்டாவது சங்கதியைப் பற்றி என் முடிவு இது. அது மனிதனின் பேராசையால் விழவில்லை. கீழே இருப்பவர் "இது நடக்காது" என்று பயமில்லாமல் சொல்லவோ, மேலே இருப்பவரை மாற்றவோ வழி இல்லாததால் விழுந்தது. ஒரே கட்சி ஆட்சியும் முழுத் திட்டமிடலும் சேரும்போது உன் முதலாளி, உன் வீட்டுக்காரர், உன் நீதிபதி, உன் பத்திரிகை ஆசிரியர் எல்லாம் ஒரே ஆளாகிவிடுகிறார். அவரிடம் யார் உண்மை பேசுவார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த நாடுகள் சாதித்ததையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அது நேர்மையாகாது. 1928-ல் சுமார் 40 லட்சம் டன் எஃகு செய்த சோவியத் 1940-ல் சுமார் 180 லட்சம் டன் செய்தது. அந்த எஃகு இல்லாமல் ஹிட்லரின் படையைத் தடுத்திருக்க முடியாது. எழுத்தறிவு ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலோருக்குப் போய்ச் சேர்ந்தது. 1970-களின் கடைசியில், அதாவது சீர்திருத்தம் தொடங்கும் முன்பே, சீனாவில் சராசரி ஆயுள் 65 ஆண்டை ஒட்டி இருந்தது. அதே காலத்தில் இந்தியாவில் 53 ஆண்டை ஒட்டித்தான். ஜனநாயகத்தில் பெரும் பஞ்சம் வராது என்று சொன்ன அமர்த்தியா சென்தான், பஞ்சமில்லாத இந்தியாவில் சத்துக் குறைவாலும் வைத்தியமில்லாமலும் சத்தமின்றிச் செத்தவர்களின் கணக்கையும் சீனாவோடு ஒப்பிட்டுக் காட்டினார். தடுப்பூசி, குடிநீர், பள்ளிக்கூடம், தாய் சேய் மருத்துவம் போல, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த வேலைகளில் மேலிருந்து வரும் திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. எத்தனை விதமான செருப்பு, எந்த அளவில், எந்த ஊருக்கு என்பது போன்ற வேலைகளில் திணறுகிறது. எனக்கு இது மிக முக்கியமான வேறுபாடு. நண்பர்களின் விவாதத்தில் இது வருவதே இல்லை என்று நினைக்கிறேன்.

விவசாயத்தில் கதை தெளிவு. சோவியத் கூட்டுப்பண்ணைக்காரர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் விட்டுவைத்த துண்டு நிலங்கள் மொத்தச் சாகுபடி நிலத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான் வரும். நாட்டின் விவசாய உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு அங்கேயிருந்து வந்தது. கறி, முட்டை, காய்கறி போல விலை உயர்ந்தவை அங்கேதான் விளைந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீனாவில் 1978-ல் அன்ஹுயி மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் எழுதி, கம்யூன் நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டால் ஒருவரது பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பதென்றும் அதில் எழுதியிருந்தது. பின்னாளில் இந்த முறையை அரசே ஏற்றது. 1978-ல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 1984-ல் 40 கோடி டன்னைத் தாண்டியது. கொள்முதல் விலை உயர்வும் உரமும் இதில் பங்கு வகித்தன, ஆனால் பெரும் பங்கு குடும்பப் பொறுப்புக்கே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. வியட்நாமும் 1986-க்குப் பிறகு இதே திசையில் போனது.

சந்தேகமாக விட வேண்டியவையும் உண்டு. முதலாளித்துவ நாடுகள் நெருக்காமல் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா என்று உங்கள் அப்பாவின் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சோவியத் பிறந்ததே உள்நாட்டுப் போரிலும் அந்நியப் படையெடுப்பிலும்தான். கியூபா 1960-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கத் தடைக்குள் இருக்கிறது. தடை எவ்வளவு காரணம், திட்டமிடல் எவ்வளவு காரணம் என்று பிரித்து எடுக்க நம்பகமான வழி இல்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, வட கொரியா, தென் கொரியா என்ற இரண்டு இணைகளைப் பார்க்கும்போது, வெளி நெருக்கடி மட்டுமே காரணம் என்ற வாதம் எனக்குப் போதவில்லை. 1961-ல் பெர்லினில் சுவர் எழுப்பியது சொந்த மக்கள் வெளியேறாமல் தடுக்கத்தான்.

மூன்றாவது சங்கதிக்கு வருகிறேன், இதற்கு நீங்கள் பெல்லந்தூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். அரசின் காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூட முடிவு செய்தபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் வேலை இழந்த பணியாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். அப்படிப்பட்ட முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் நம் பெங்களூரில்தான் தொடங்கியது. சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ் அந்த வழியில் வந்தது, அதற்கு முன்பு நெடுங்காலம் எம்.ஜி. ரோட்டில் இருந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் பரிமாறுபவர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் தொழில், நாட்டின் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. கேரளத்தில் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவு 1925-ல் தொடங்கியது, இன்று பாலமும் சாலையும் கட்டுகிறது, மென்பொருள் பூங்கா நடத்துகிறது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கிறது. கர்நாடகத்து ஏரிப் பாசனத்தில் நீர்கண்டி என்றொருவர் இருப்பார், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று ஊர் சார்பாகத் திறந்து மூடுவது அவர் வேலை. நம் பக்கத்தில் அதே வேலைக்கு நீர்க்கட்டி என்ற ஆளும், ஊரே கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் குடிமராமத்தும் இருந்தன. இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்க ஆராய்ந்துதான் எலினோர் ஆஸ்ட்ராம் 2009-ல் நோபல் வாங்கினார். யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விதியை உறுப்பினர்களே போட வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்று அவர் கண்ட நிபந்தனைகளை நான் முதலில் படித்தபோது எங்கள் கிரெடிட் சொசைட்டிதான் நினைவுக்கு வந்தது. ஊர் ஏரிகளில் சாதி ஒரு பெரிய விதிவிலக்கு. தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு என்பதை ஊர்ப் பொதுநலம் மட்டுமா தீர்மானித்தது? ஆகவே இவற்றை நான் பொற்காலமாகக் காட்ட மாட்டேன்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. கூட்டுறவுக்கு வெளியிலிருந்து பங்கு மூலதனம் திரட்டுவது கஷ்டம், ஆபத்தான புது முயற்சியில் இறங்க உறுப்பினர்கள் தயங்குவார்கள். 1996-ல் பிரிகேட் ரோட்டில் ஒரு கடையாகத் தொடங்கிய காஃபே காபி டே பிற்பாடு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகியது. பெங்களூரின் காபி ஹவுஸ் அப்படி வளரவில்லை. இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்புகள் 1910 முதல் சொத்தையும் சமையலையும் குழந்தை வளர்ப்பையும்கூடப் பொதுவில் வைத்தவை. அவை 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு, பெரும்பாலும் வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறிவிட்டன. திறமையுள்ளவர்கள் வெளியேறும் போக்கும் இருந்தது. ஆனாலும் எண்பது ஆண்டு என்பது சின்ன விஷயமா? விருப்பப்பட்டுச் சேர்ந்து, விருப்பமில்லாவிட்டால் வெளியேறலாம் என்று இருந்ததால், அங்கே சமத்துவம் நீடித்த காலத்தில் யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை.

அப்பாவைப் பற்றிய கேள்விக்கு இப்போது சொல்கிறேன். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்கவைப்பதும் வழக்கமாக இருந்த காலத்தில், கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்கள். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த மண்ணில் சங்கத்தில் இருந்த ஒருவரிடம் போய், சோவியத் விழுந்துவிட்டதால் நீ நம்பியது தோற்றது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் தேடியது திட்டக் கமிஷனை அல்ல, நிமிர்ந்து நின்று கூலி கேட்கும் உரிமையை. அது கிடைத்தது. கேரளத்தில் 1957-ல் தேர்தலில் வென்று வந்த கம்யூனிஸ்ட் அரசை 1959-ல் கலைத்தார்கள், ஆனாலும் நிலச் சீர்திருத்தம் 1970-ல் நடைமுறைக்கு வந்தது. மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா 14 லட்சம் அளவிலான குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்து அவர்கள் பங்கை உறுதி செய்தது. அதனால் விளைச்சலும் கூடியது என்று பின்னர் பொருளியலாளர்கள் கண்டார்கள். இவை இரண்டும் கம்யூனிச அமைப்பு அல்ல, சந்தைக்குள்ளும் தேர்தலுக்குள்ளும் கம்யூனிஸ்டுகள் செய்த வேலை. தவறினால் மக்கள் இறக்கிவிடலாம் என்பதும் அதில் அடங்கியது. சிங்கூர், நந்திகிராம் நில எடுப்புக்குப் பிறகு 2011-ல் வங்கத்தில் அப்படித்தான் இறக்கினார்கள்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். வளங்களைப் பங்கிடும் கணக்குக்கான லீனியர் புரோகிராமிங் முறையை லெனின்கிராடில் கந்தரோவிச் 1939-லேயே கண்டுபிடித்தார், அதற்காக 1975-ல் நோபலும் பெற்றார். 1960-களில் கீவ் நகரத்துக் கணினி அறிஞர் குளுஷ்கோவ் நாடு முழுவதையும் கணினி வலையால் இணைத்துத் திட்டமிடலாம் என்றார். அமைச்சகங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காததால் அது முழுதாக நடக்கவே இல்லை. இன்று உங்கள் துறையில் இருக்கும் கணிப்பு வசதிக்கு அந்தக் கணக்குகள் பெரிய பாரமில்லை. பெரிய தனியார் நிறுவனங்கள் தங்களுக்குள் விலையே இல்லாமல் லட்சக்கணக்கான பொருள்களைத் திட்டமிட்டு நகர்த்துகின்றன. ஆனால் அவை வாங்குவதும் விற்பதும் வெளியே இருக்கும் விலைகளைப் பார்த்துத்தான். எங்கள் ஃபோர்மேன் முப்பது என்று எழுதியதை எந்தக் கணினியில் போட்டாலும் முப்பதாகத்தான் இருக்கும். மெஷினிலேயே சென்சார் வைத்தால் அவர் மறைக்க முடியாதே என்று கேட்பீர்கள். உற்பத்தி எண்ணிக்கையை அது காட்டும். அடுத்த ஆண்டு வேறு எப்படிச் செய்யலாம் என்று அவர் மனதில் இருப்பதைக் காட்டாது, தண்டிக்கும் அதிகாரத்துக்கு அந்தக் கண்காணிப்பு இன்னொரு ஆயுதமாகவும் ஆகும்.

தேர்தலோடும் கணினியோடும் சேர்த்து இதை முயன்றது சிலி. 1970-ல் வாக்கு வாங்கி வந்த அயெந்தேயின் அரசு ஆலைகளைப் பொதுவுடைமையாக்கி, ஸ்டாஃபோர்ட் பீர் என்ற ஆங்கிலேயரை வைத்து, டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்திக் கருவி வழியாக ஆலைகளை இணைக்கும் சைபர்சின் திட்டத்தைத் தொடங்கியது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இருந்த கொஞ்சம் லாரிகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய அந்த வலை உதவியது. அதே காலத்தில் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்தது, கடைகளில் தட்டுப்பாடும் இருந்தது. அமெரிக்காவின் நெருக்கடி ஒரு பக்கம், அரசு நோட்டு அடித்தது ஒரு பக்கம். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, சோதனை பாதியில் நின்றது. மூன்று ஆண்டை வைத்து முடியும் என்றோ முடியாது என்றோ தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை. எதிர்க்கட்சி, சுதந்திரமான பத்திரிகை, வேலைநிறுத்த உரிமை இவ்வளவும் இருக்க, பெருந்தொழில்களைப் பொதுவில் வைத்து ஒரு நாடு ஒரு தலைமுறைக் காலம் நடத்திக் காட்டினால் மேலே நான் சொன்ன பலவற்றை மாற்றிக்கொள்வேன். சில்லறைப் பொருள்களுக்கு அங்கேயும் விலையும் சந்தையும் வேண்டியிருக்கும் என்பதே என் கணிப்பு. மருத்துவம், கல்வி, குடிநீர், மின்சாரம் போன்றவற்றுக்கு வேண்டியிருக்காது.